பேச்சித்தாயின் சக்களத்தி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பேச்சித்தாயின் சக்களத்தி, பேச்சித்தாயைவிட நன்றாக இருந்தாள். போன செவ்வாயும் அப்படித்தான். அதற்கு முந்தின செவ்வாயும் அப்படித்தான்.

"இந்த வாரம் அவளுக்கு எவ்வளவு?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

செல்வக்கனி திரையில் ரத்தப் பரிசோதனை எண்ணைப் பார்த்தாள். "ரெண்டு புள்ளி எட்டு."

"எனக்கு?"

"மூணு புள்ளி ஒன்பது."

"நாசமாப் போவா! என் ரத்தத்தக் குடுத்து உண்டாக்கின சிறுக்கி, என்னயவிட மினுக்கிக்கிட்டு இருக்கா பாரேன்."

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். தூத்துக்குடியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துச் சோதனைப் பிரிவில் செவ்வாய்க்கிழமை என்றால் இதுதான் கூத்து. நாற்பத்திரண்டு பேர். எல்லாருக்கும் சிறுநீரகம் பழுது, எல்லாரும் உப்பளத்தில் வேலை. எல்லாருக்கும் கம்பெனி கொடுக்கும் ஊதா மாத்திரை. ஆளுக்கொரு இணை, கம்ப்யூட்டருக்குள். பெண்கள் தங்கள் இணையைச் சக்களத்தி என்றார்கள். ஆண்கள் பங்காளி என்றார்கள். கம்பெனிக்காரர்கள் அதற்கு வைத்திருந்த நீளமான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை.

புதிதாகச் சேர வந்திருந்த ஒருவரின் மனைவி மெதுவாகக் கேட்டாள். "சிஸ்டரு, அது யாரு, அந்தச் சக்களத்தி?"

செல்வக்கனிக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே எரிச்சல் வரும். பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, கால் வலி தாங்காமல் இந்தச் சோதனைப் பிரிவின் பொறுப்புக்கு வந்தவள். அவளுக்கு நோயாளிகளைப் பிடிக்காது, டாக்டர்களைப் பிடிக்காது, கம்பெனிக்காரர்களை அறவே பிடிக்காது. மூன்று கூட்டத்தில் எது மட்டமான கூட்டம் என்று மட்டும் அவளால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

"முன்னாடிலாம் பாதிப் பேருக்குப் புது மருந்து குடுப்பாவ, பாதிப் பேருக்குப் பழைய மருந்து. யாரு தேறுதான்னு பாப்பாவ. பழசு கெடைச்சவன் எல்லாம் கோர்ட்டுக்குப் போயிட்டான், என்னய வச்சு வெளையாடுதியளான்னு. அதனால இப்ப மனுசனுக்கு எல்லாம் புது மருந்து. பழைய மருந்து கம்ப்யூட்டருக்கு. உன் புருசன் ரத்தம், ஸ்கேன் எல்லாத்தயும் போட்டு அதுக்குள்ள இன்னொரு ஆள உண்டாக்கி, அவனுக்குப் பழைய மாத்திரையக் குடுப்பாவ. வாராவாரம் ரெண்டு பேரயும் ஒப்பிட்டுப் பாப்பாவ. வெளங்குதா?"

"அவன் உசுரோட இருப்பானா?"

"உசுரும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. கணக்கு."

"அப்ப எதுக்கு அவனப் பத்தி நம்மகிட்ட சொல்லுதாவ?"

"சட்டம். ஒளிச்சு வைக்கக் கூடாதாம்."

அந்தச் சட்டத்தை எழுதியவன் கையில் கிடைத்தால் செல்வக்கனி இரண்டு கேள்வி கேட்டிருப்பாள். வீட்டுக்கு வீடு சண்டை. பங்காளி நன்றாக இருக்கிறான், நீ மட்டும் ஏன் இப்படி வீங்கிக் கிடக்கிறாய் என்று பெண்டாட்டிகள் ஏசினார்கள். அடுத்த வராந்தாவில் இதே கம்பெனி பெருங்குடல் புற்றுநோய்க்கு நடத்திய சோதனையில் கூத்து வேறு மாதிரி. அங்கே பழைய ஊசி போட்ட இணைகள் எல்லாம் மளமளவென்று செத்தன. தொம்மை என்று ஒரு மீன்பிடிக்காரர், தன் பங்காளி ஐந்தாம் மாதம் செத்துப்போனான் என்று கேட்டதும் விசும்பி அழுது, அவனுக்குப் பூசை வைக்கச் சொல்லி மாதா கோயிலில் போய் நின்றார். சாமியார் திகைத்துப்போய், எல்லா ஆத்துமாக்களோடும் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லித் தப்பித்தார். தொம்மை பூசை முடிந்து நேராக ஓட்டலுக்குப் போய் பரோட்டா தின்றார். பிழைத்தவர் அவர்.

"குடல் ஜெயிக்குது, கிட்னி தோக்குது," என்பார் பெரிய டாக்டர் எபனேசர், ஏதோ கால்பந்து ஆட்டம் பார்ப்பவர் போல. இரண்டு சோதனைக்கும் அவர்தான் தலைவர். கையெழுத்துப் போடுவது தவிர இரண்டிலும் அவர் வேறெதுவும் செய்ததில்லை.

*

புதன்கிழமை சென்னையிலிருந்து நிரஞ்சன் வந்தான். கம்பெனியின் புள்ளிவிவர ஆள். இருபத்தேழு வயது இருக்கும். வெள்ளைச் செருப்பு, தோளில் பை, கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு வாய் குடித்தான். உப்பை இவன் சாப்பாட்டு மேஜையைத் தாண்டி எங்கேயும் பார்த்திருக்க மாட்டான் என்று செல்வக்கனி நினைத்துக்கொண்டாள்.

"மேடம், நாப்பத்திரண்டு பேர்ல நாப்பத்திரண்டு பேரும் இணையைவிட மோசமா இருக்காங்க. ஒருத்தர்கூட விதிவிலக்கு இல்ல. பழைய மாத்திரை ஜெயிச்சிடுச்சு."

"ஜெயிச்சா என்ன தம்பி?"

"அடுத்த செவ்வாய்க்கிழமை மூணு மணிக்குக் கமிட்டி. புது மருந்து கெடுதல் பண்ணுதுன்னு சோதனையை நிறுத்திடுவாங்க. அன்னிக்கே எல்லார்கிட்டயும் மாத்திரையைத் திருப்பி வாங்கிடணும்."

செல்வக்கனி பேச்சித்தாயின் கோப்பை எடுத்து அவன் முன்னால் போட்டாள். "இதப் பாருங்க. மாத்திரைக்கு முன்னால ஒரு வருசத்துல மூணு ஆறு, நாலு நாலு, அஞ்சு ரெண்டு. ரத்தத்துல இந்த எண் கூடுனா கிட்னி சாவுதுன்னு அர்த்தம். மாத்திரை தொடங்கின மறுமாசமே எறங்கி மூணு ஒன்பதுல நிக்கி. ஏழு மாசமா நிக்கி. அவ தன் கால்ல நடந்து வாரா. இது கெடுதலா?"

"அது ஒரு தனி ஆளோட கதை மேடம். இணைக்கு அதே உடம்பு, அதே வாழ்க்கை, வெறும் பழைய மாத்திரை, ரெண்டு எட்டுல இருக்கு. அதோடதான் ஒப்பிடணும்."

"உங்க இணை அப்படி என்னதான் செய்யுது, நாள் முழுக்க?"

நிரஞ்சன் திரையைத் திருப்பினான். "பாருங்க. போன வாரத்துல இவங்களோட ஒரு நாள்."

செல்வக்கனி படித்தாள். காலை ஆறே முக்கால், எழுந்தாள். வெந்நீர் இரண்டு டம்ளர். எட்டு மணி, இட்லி மூன்று, உப்புக் குறைந்த சாம்பார். பத்து மணி, தண்ணீர் இரண்டு டம்ளர். வேலை நான்கு மணி நேரம், நிழலில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் படுக்கை. ஒரு நாளைக்குத் தண்ணீர் மொத்தம் மூன்று லிட்டர். இரவு ஒன்பதரை, தூக்கம்.

இன்னொரு தடவை படித்தாள். மூன்று இட்லியும் உப்புக் குறைந்த சாம்பாரும் செல்வக்கனியின் காலைச் சாப்பாடு. அந்த மதியத் தூக்கமும் அவளுடையதுதான், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்.

"மத்தவங்களுக்கு?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

நிரஞ்சன் விரலால் தள்ளிக்கொண்டே போனான். நாற்பத்திரண்டு இணைகளும், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல், மூன்று இட்லி தின்றுவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தன. "ரொம்ப ஒழுங்கான நோயாளிங்க மேடம் உங்களோடவங்க," என்றான் அந்த அறிவாளி.

நடந்தது இதுதான். சோதனை தொடங்கியபோது ஒவ்வொரு நோயாளியும் தினமும் என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், எங்கே எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்று ஒரு நாட்குறிப்புத் தர வேண்டும் என்றார்கள். செல்வக்கனி முதல் இரண்டு வாரம் முறையாகத்தான் கேட்டாள். நாற்பத்திரண்டு பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். உப்பே சேர்க்கவில்லை, கருவாட்டைக் கண்ணால் பார்க்கவில்லை, தண்ணீர் மூன்று லிட்டர், வெயிலில் நிற்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக் கூசாமல் சொன்னார்கள், புறங்கையில் உப்புப் பூத்திருக்க. பொய்தான் எழுத வேண்டும் என்றால் அதற்கு எதற்கு நாற்பத்திரண்டு பேரிடம் கெஞ்ச வேண்டும்? மூன்றாம் வாரத்திலிருந்து திங்கட்கிழமைதோறும் அவளே எல்லாருக்கும் எழுதிவிட்டாள். டாக்டர் எபனேசர் அத்தனையிலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"இது சும்மா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாரவங்க பாக்கத்தான?" என்று கேட்டாள் செல்வக்கனி.

"ஐயோ, இல்ல மேடம். இணை வாழுறதே இதைத்தான். நீங்க இட்லின்னு எழுதினா அது இட்லி சாப்பிடும். மூணு லிட்டர்னு எழுதினா அது குடிக்கும். ட்ரெய்னிங்ல சொன்னோமே."

ட்ரெய்னிங்கில் அவள் தூங்கிவிட்டாள்.

"அப்ப குடல் சோதனையில மட்டும் எப்படிச் சரியா வருது?"

"புற்றுநோய் நீங்க என்ன குடிச்சீங்கன்னு அவ்வளவா பாக்காது மேடம். கிட்னி ஒவ்வொரு சொட்டையும் எண்ணும்." அவன் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தான்.

ஆக ஏழு மாதமாகக் கம்பெனி ஒப்பிட்டுக்கொண்டிருந்தது வெயிலில் கிடக்கும் பேச்சித்தாயையும் நிழலில் படுத்திருக்கும் செல்வக்கனியையும். அந்த ஒப்பீட்டில் தோற்றுப்போனதற்காகப் பேச்சித்தாயின் மாத்திரையைப் பிடுங்கப் போகிறார்கள்.

*

வியாழக்கிழமை அவள் உப்பளத்துக்குப் போனாள். தன்னுடைய பொய் சின்னப் பொய்தான் என்று கண்ணால் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளத்தான் போனாள், வேறு எந்த நல்ல எண்ணமும் இல்லை.

காலை எட்டு மணிக்கே அந்த வெள்ளையில் கண் கூசியது. பேச்சித்தாய் பாத்தியிலிருந்து உப்பை அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கியதாம். கணுக்கால் வரை கிழிந்த சாக்ஸ், அதற்கு மேல் வெடிப்பு.

"என்ன சிஸ்டரு, இங்க வந்து நிக்கிய? யாரும் செத்துட்டாவளா?"

"தண்ணி எங்க இருக்கு?"

"அந்தா பீப்பாய்ல கெடக்கு. தாகமா?"

"எனக்கு இல்ல. நீ குடிச்சியா?"

"வெள்ளன வீட்ல ஒரு செம்பு குடிச்சேன். இனி சாயந்தரந்தான்."

"மூணு லிட்டர்னு சொன்னியே பேச்சி!"

பேச்சித்தாய் சட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "சுத்திப் பாருங்க. எங்கயாவது ஒரு மறைவு இருக்கா? ஒரு முள்ளுச்செடி இருக்கா? ஆம்பளைய திரும்பி நின்னுட்டுப் போயிருவானுவ. பொம்பள தண்ணியக் குடிச்சிட்டு எங்க போய் உக்காருவா? உங்க பெரிய டாக்டரு வீட்டுக்கா?"

"அத ஆஸ்பத்திரியில சொன்னா என்ன?"

"நல்லாருக்கே! அங்க உள்ள சின்ன டாக்டரு, படிச்ச மனுசன், சிரிச்ச மொகமா, 'தண்ணி நல்லாக் குடிக்கியாம்மா'ன்னு கேக்காரு. இல்லன்னா அவரு மொகம் தொங்கிப்போவுது. பெறகு அரைமணி நேரம் புத்தி சொல்லுவாரு. 'குடிக்கேன் சார்'னா அவருக்கும் சந்தோசம், எனக்கும் பஸ்ஸப் பிடிக்கலாம். நீங்களும் அந்தப் பதிலத்தான எதிர்பாத்திய? உண்மையச் சொன்னா எழுதியிருப்பியளோ?"

செல்வக்கனிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எழுதியிருக்க மாட்டாள். அவளுக்கே தெரியும்.

கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், சொல்ல வேண்டியதைப் பட்டென்று சொன்னாள். "செவ்வாய்க்கிழமையோட மாத்திரைய நிறுத்தப் போறாவ."

பேச்சித்தாய் சட்டிக்குப் பக்கத்திலேயே உப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே நோக்காடுதான். இதே உப்பளந்தான். வாரம் மூணு நாளு ரத்தம் சுத்தம் பண்ணுத மிசின்ல படுக்கப் போட்டாவ. பதினாலு மாசம். கடைசியில என்னய யாருன்னு கேட்டாரு." அவள் சேலை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்னய அதுல படுக்க வச்சிராதிய சிஸ்டரு. ஒங்களக் கும்புடுதேன்."

அன்றிலிருந்து ஐந்து நாள் செல்வக்கனி ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு நாற்பத்திரண்டு பேரின் பின்னால் அலைந்தாள். அவள் கேட்ட முறை எந்தக் கம்பெனியின் வழிகாட்டியிலும் இருக்காது. "டாக்டர் கேக்கல, நான் கேக்கேன். பொய் சொன்னா செருப்பு பிஞ்சிரும்." அந்த மொழி அவர்களுக்கு உடனே புரிந்தது. கருவாடு வந்தது, கள் வந்தது, வலி மாத்திரை வந்தது, ஒன்பது மணி நேர வெயில் வந்தது, நாளெல்லாம் சேர்த்தும் ஒரு செம்பைத் தாண்டாத தண்ணீர் வந்தது. அவள் ஒன்றுவிடாமல் எழுதினாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் எபனேசரின் அறையில், நிரஞ்சனும் இருக்கும்போதே, எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு மாத நாட்குறிப்பும் தன் கைவேலை என்றாள். புது நோட்டை மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் எபனேசர் நோட்டைத் தொடவில்லை. அது கடிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. "செல்வக்கனி, நீ இப்ப ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. டீ குடிக்கியா?"

"அத்தனையிலயும் உங்க கையெழுத்து இருக்கு சார்."

"அதனாலதான் சொல்லுதேன், டீ குடி. குடல் சோதனை நல்லாப் போய்க்கிட்டிருக்கு. கிட்னி போனாப் போட்டும். இருபது வருசமா இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்கேன்."

அந்த நிமிஷத்தில் செல்வக்கனிக்கு முடிவாகிவிட்டது, மூன்று கூட்டத்தில் மட்டமான கூட்டம் எது என்று.

நிரஞ்சன் மட்டும் நோட்டை எடுத்தான். இரண்டு பக்கம் படித்தான். பாட்டிலை மேஜையில் வைத்தான், அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. "இதை உள்ள போட்டுப் பாக்குறேன் மேடம்," என்றான்.

நாற்பது நிமிஷம் ஆனது. இணைகள் எல்லாம் இட்லியை விட்டன, நிழலை விட்டன, உப்பளத்தில் இறங்கின. அந்த ஐந்து நாள் பழக்கத்தையே வைத்து ஏழு மாத வாழ்க்கையைக் கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து வாழ்ந்து பார்த்தது. நாற்பத்திரண்டில் முப்பத்தொன்று டயாலிசிஸில் கிடந்தன. ஒன்பது செத்தன. பேச்சித்தாயின் இணை நான்காம் மாதமே போய்விட்டது.

"மேடம்," நிரஞ்சன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "இந்த மருந்து வேலை செய்யுது. சும்மா இல்ல. குடல் சோதனையைவிட நல்லா வேலை செய்யுது."

மூன்று மணிக்குக் கமிட்டி திரையில் வந்தது. கம்பெனியின் தலைமை அம்மாள் மும்பையிலிருந்து பேசினாள். வெட்டிய முடி, முத்துக் கம்மல், சிரிக்காத வாய். பொய் நாட்குறிப்பைப் பற்றி அவள் ஒரே ஒரு நிமிஷம்தான் பேசினாள், செல்வக்கனியை வேலையை விட்டு நீக்குவதாக. மற்ற நேரமெல்லாம் புது நோட்டைப் பற்றித்தான் கேட்டாள். எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கிறார்கள்? தண்ணீரே குடிக்காமலா? அப்படி நின்றும் இந்த எண்ணா? திரும்பத் திரும்ப மூன்று தடவை கேட்டாள். நிரஞ்சன் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, பாவம், இவளுக்குக்கூட மனசு இளகுதே என்று செல்வக்கனி நினைத்தாள். பிறரை மட்டமாக நினைத்தே பழகியவளுக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்துதான் அந்த நல்ல புத்தி வந்ததோ.

சோதனை நிற்கவில்லை. மாத்திரை நிற்கவில்லை. டாக்டர் எபனேசரின் தலையும் நிமிர்ந்தபடியே இருந்தது. எல்லாம் ஊழியரின் தவறு என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார், அதையும் படித்திருக்க மாட்டார். செல்வக்கனி தன் டிபன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப்பில் பேச்சித்தாய் அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். செல்வக்கனி அழுதுவிட்டாள். வாழ்க்கையில் ஒரு காரியம் செய்துவிட்டோம் என்று இருந்தது. சந்தோஷமாக இருந்தது.

*

ஒன்றரை வருஷம் கழித்து ஊதா மாத்திரை கடைக்கு வந்தது. செல்வக்கனி அப்போது ஊருக்கு வெளியே ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குக் குறைவில்லை. மாதக் கடைசியானால் உப்பளத்துக்காரர்கள் சாரை சாரையாக வந்தார்கள்.

அன்றைக்குப் பேச்சித்தாய் வந்தாள். கறுத்திருந்தாள், ஆனால் முகத்தில் வீக்கம் இல்லை, மூச்சு வாங்கவில்லை. நல்ல திடமாக இருந்தாள். செல்வக்கனிக்கு அவளைப் பார்த்ததும் மனசு நிறைந்தது.

"ஆளு தேறிட்டியே பேச்சி! மாத்திரைய ஒழுங்காப் போடுதியா?"

"போடாம? கங்காணி வெள்ளன வரிசையில நிப்பாட்டி வாயில போடுதான். முழுங்கிட்டு நாக்க நீட்டிக் காட்டணும். பெறகுதான் உள்ள விடுவான்."

"கங்காணி குடுக்கானா? ஏன்?"

"முதலாளிமாரு எல்லாரும் சேந்து மொத்தமா வாங்கிட்டாவல்லா. கம்பெனியே வந்து குடுத்துச்சு." அவள் கையை நீட்டினாள். "சீக்கிரம் குத்துங்க. பதினோரு மணிக்குள்ள திரும்பணும். முன்னாலலாம் ரெண்டு மணிக்கு எறக்கி விட்ருவான். இப்ப சாயந்தரம் வரைக்கும் போட்டிருக்கான். தண்ணிப் பீப்பாயையும் தூக்கிட்டுப் போயிட்டான், மாத்திரை இருக்க என்னத்துக்குத் தண்ணின்னு."

செல்வக்கனி ஊசியைக் கீழே வைத்தாள். பேச்சித்தாய் இடுப்பிலிருந்து ஒரு மடித்த சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மாதாமாதம் ரத்தம் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். செல்வக்கனி இதுவரை நூறு சீட்டில் எண் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. இப்போது திருப்பினாள்.

பின்பக்கத்தில் கம்பெனியின் அச்சு. 'நீரும் நிழலும் இல்லாத இடத்திலும் உங்கள் தொழிலாளரின் சிறுநீரகம் காக்கும்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஆதாரம்: தூத்துக்குடி, நாற்பத்திரண்டு தொழிலாளர்கள், நேரடிக் கள ஆய்வு, ஐந்து நாள். தண்ணீர் ஒரு செம்பு. வெயில் ஒன்பது மணி நேரம். அவளுடைய நோட்டு. அவள் ஒன்றுவிடாமல் எழுதிய உண்மை. அதற்கும் கீழே ஒரு பட்டியல். எண் நான்குக்கு மேல், வேலை இல்லை. மூன்றிலிருந்து நான்கு, ஒன்பது மணி நேரம். மூன்றுக்குக் கீழ், பதினொரு மணி நேரம்.

"இதத்தான் கேட்டாளா அவ," என்றாள் செல்வக்கனி. "இதுக்குத்தான் மூணு தடவ கேட்டாளா!" அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கம்பெனிக்காரியை நினைத்துக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அந்த முகத்தில் மனசு இளகுவதைப் பார்த்த தன் கண்ணை நினைத்தால் அதைவிட அருவருப்பாக இருந்தது.

"யாரு சிஸ்டரு?"

"ஒண்ணுமில்ல. நான் அன்னைக்கு வாயத் தொறக்காம இருந்திருக்கணும்."

பேச்சித்தாய் சிரித்தாள். "தொறக்கலன்னா நான் செத்துல்லா போயிருப்பேன்?"

செல்வக்கனி ரத்தத்தை எடுத்தாள். மெஷினில் வைத்தாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வெளியே கங்காணியின் வேன் ஹாரன் அடித்தது. மெஷின் எண்ணைக் காட்டியது. இரண்டு புள்ளி ஏழு.

பேச்சித்தாயின் வாழ்நாளில் வந்த எண்களிலேயே நல்ல எண்.

செல்வக்கனி பேனாவை எடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "பேச்சி, மூணு புள்ளி ரெண்டுன்னு போடுதேன். ஒன்பது மணி நேரத்தோட விட்ருவான். யாருக்கும் தெரியாது."

"ஒன்பது மணி நேரத்துக்கு முக்காக் கூலிதான் சிஸ்டரு. முழுக் கூலி கேக்கவன் ஆயிரம் பேரு நிக்கான்."

"உடம்பு தாங்காது பேச்சி."

"தாங்கும்னுதான உங்க மிசின் சொல்லுது." அவள் குரலில் கோபம் இல்லை. அவசரம்தான் இருந்தது. "பொய் எழுதாதிய. உள்ளத உள்ளபடி போடுங்க."

ஹாரன் மறுபடி அடித்தது. செல்வக்கனி இரண்டு புள்ளி ஏழு என்று எழுதினாள். பேச்சித்தாய் சீட்டை வாங்கி, மை காய்வதற்கு இரண்டு தடவை ஊதி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேனைப் பார்த்து ஓடினாள்.